அபேனாவோடு திருவொற்றியூருக்கு முடி வாங்கப் போனது

திருவொற்றியூரில் தலைமுடி ஏற்றுமதி செய்யும் ஒரு கம்பெனியின் முதலாளி பொய் சொல்கிறார். கறுப்பினப் பெண்கள் நடத்தும் தொழில்களுக்குத் தோள் கொடுப்பதாக ஊர் அறியச் சொல்லிக்கொள்கிறார். கொடுக்கவில்லை. கொடுக்காமல் விட்டதை நான் பக்கத்தில் நின்று பார்த்தேன். கம்பெனியின் பெயரை இங்கே எழுதவில்லை. படித்தால் அவருக்கே தெரியும்.

நான் எம்.கே.பி. நகரில் பிறந்தவள். பர்மிங்ஹாமில் முதியோர் இல்லம் ஒன்றில் வேலை பார்க்கிறேன். இல்லத்துக்கு எதிரில் அபேனாவின் சலூன். அபேனா கானா நாட்டுக்காரி. பத்தொன்பது வயதில் இங்கிலாந்துக்கு வந்து, பிறர் கடைகளில் கூட்டிப் பெருக்கி, தலை பின்னி, கடைசியில் தன் பெயரில் ஒரு கடை போட்டவள். வருகிறவர்கள் எல்லாம் கறுப்பினப் பெண்கள். அவர்கள் தலையில் வைத்துத் தைக்கிற முடியை மட்டும் அபேனா ஒரு மொத்த வியாபாரியிடம் வாங்கியாக வேண்டும். அவர் கறுப்பர் இல்லை. அந்த வட்டாரத்தில் முடி மொத்த வியாபாரத்தில் கறுப்பர் ஒருவர்கூட இல்லை. அவர் கொடுக்கும் முடி இரண்டு முறை அலசினால் தேங்காய் நார் மாதிரி ஆகிவிடும். திட்டு வாங்குவது அபேனா.

அதனால் அவள் சென்னைக் கம்பெனிகளுக்கு மாதக்கணக்கில் மின்னஞ்சல் போட்டாள். இந்தக் கம்பெனி பதில் போட்டது. நேரில் வாருங்கள், கையால் தொட்டுத் தேர்ந்தெடுங்கள், உங்கள் கடைப் பெயர் ஒட்டி நேரடியாக உங்களுக்கே அனுப்புகிறோம் என்று எழுதியது. இது எப்படியோ மொத்த வியாபாரியின் காதுக்குப் போய், இனி உனக்குச் சரக்கு கிடையாது என்று சொல்லிவிட்டார். ஆக, சென்னையிலிருந்து வெறுங்கையோடு திரும்பினால் அவள் கடையில் விற்க முடி இல்லை.

"திருவொற்றியூர்தானே? எங்க ஊரு பக்கம். நான் வரேன்" என்று பெருமையாகச் சொன்னேன். அந்தப் பெருமை முதல் நாளே செத்தது.

ராயபுரத்தில் ஒரு லாட்ஜில் அறை பதிவு செய்திருந்தோம். வரவேற்பில் இருந்தவர் என்னைப் பார்த்தார், சிரித்தார். எனக்குப் பின்னால் பெட்டியை இழுத்துக்கொண்டு வந்த அபேனாவைப் பார்த்தார். சிரிப்பு நின்றது.

"ரூம் இல்ல மேடம்."

"பணம் கட்டியாச்சே?"

"ஏசி ரிப்பேர்."

"ஏசி வேணாம்."

"ஃபாரின் ஆளுங்கன்னா ஃபாரம் போடணும் மேடம். போலீஸ் பேஜாரு."

"வெள்ளைக்காரன் வந்தா?"

"அது வேற மேடம்."

என்ன வேறு என்று கேட்டேன். அவர் கம்ப்யூட்டரைப் பார்க்க ஆரம்பித்துவிட்டார். அடுத்த லாட்ஜில் இந்த விளக்கம்கூட இல்லை, கையை மட்டும் ஆட்டினார்கள். அபேனா படியில் உட்கார்ந்து தண்ணீர் குடித்தாள். "உங்கள் ஊரில் மூஞ்சிக்கு நேராகவே சொல்லிவிடுகிறார்கள். பர்மிங்ஹாமில் இதையே மன்னிப்புக் கேட்டுக்கொண்டு சொல்வார்கள்" என்றாள். நான் வெட்கத்தில் கத்தியதில் தெருவே திரும்பிப் பார்த்தது.

எம்.கே.பி. நகரில் என் அக்கா மலரின் வீட்டுக்கே போனோம். ஒரே ஒரு படுக்கையறை. போலீஸ் பேஜாரு என்றார்களே, அந்த ஃபாரத்தை அக்காவின் வீட்டுக்காரர் ஒரு டீ குடித்து முடிப்பதற்குள் போனிலேயே நிரப்பி அனுப்பிவிட்டார்.

பிளாக்கில் இருந்த பெண்கள் எல்லாரும் பார்க்க வந்துவிட்டார்கள். "இன்னாடி, உன் தோஸ்து செம்ம ஷோக்கா கீது" என்று ஒரு அம்மா சொல்லிவிட்டு, கேட்காமல் கொள்ளாமல் அபேனாவின் பின்னலைப் பிடித்து இழுத்துப் பார்த்தார். "மெய்யாலுமே இதுதா முடியா?"

"தொடும் முன்னால் கேட்கச் சொல்" என்றாள் அபேனா. சொன்னேன்.

"கேட்டாதா தொடணுமா? நாங்க இன்னா திருடிகினா பூடுவோம்?" என்று அந்த அம்மாவுக்குக் கோபம். அப்புறம் அவரே போய் ஒரு டப்பாவில் சென்னாக்குன்னி தொக்கு கொண்டுவந்து வைத்தார். பொடி இறாலைக் காயவைத்து மிளகாயோடு வதக்குவோமே, அது. அபேனா ஒரு வாய் தின்றுவிட்டு டப்பாவைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். அவள் ஊரில் இதே இறால், இதே மிளகாய், இதே எண்ணெயில் செய்வார்களாம். "கடைசியில் ஓர் ஆளாவது என்னை உள்ளே விட்டார்" என்றாள். நான் மொழிபெயர்த்தேன். "துன்னட்டும் துன்னட்டும். ஆனா டப்பாவ திருப்பிக் குடுக்கச் சொல்லு" என்றார் அந்த அம்மா.

இரண்டாம் நாள் திருவொற்றியூர். வாடகைக் கார் மூன்று முறை வருகிறேன் என்று வராமல் போனது. ஆட்டோ பிடித்தோம். கண்டெய்னர் லாரிகள் ரயில் பெட்டிகள் மாதிரி ஒட்டிக்கொண்டு நின்றன. ஆட்டோக்காரர் எதிர்ப்பக்கத்தில் நுழைந்து, இரண்டு லாரிகளுக்கு நடுவே போய்ச் சொருகிக்கொண்டார். அங்கேயே ஆக்சிலேட்டர் வயர் அறுந்தது.

"வயரு பூட்சி மேடம். எறங்கி நடந்துக்கோங்க, தோ பக்கம்தா."

பக்கம் இல்லை. அரை மணி நேரம் புழுதியில் நடந்தோம். மணலி ஆலைகள் பக்கமிருந்து அழுகிய முட்டை வாடை. லாரிக்காரர்கள் ஹாரன் அடித்து அபேனாவை எட்டிப் பார்த்தார்கள். ஒருவர் போனில் படமே எடுத்தார். நான் கல்லை எடுத்தேன். "போடு அதைக் கீழே. நாம் முடி வாங்க வந்திருக்கிறோம்" என்றாள் அபேனா.

கம்பெனியில் முதலாளி வாசலுக்கே வந்தார். மடிப்புக் கலையாத சட்டை. நேராக என்னிடம் கையை நீட்டினார். "வாங்க மேடம், வாங்க." நேரம் குறிக்க முந்தின நாள் போனில் பேசியது நான். அபேனாவை ஓர் ஊழியர் பக்கத்து அறைக்குக் கூப்பிட்டுப் போனார். விளக்கின் கீழே உட்காரவைத்துப் படம் எடுத்தார்கள். உள்ளே போக பாஸுக்காக இருக்கும் என்று நினைத்தேன். அடுத்து அவள் கையில் இரண்டு கற்றை முடியைக் கொடுத்து, சிரிக்கச் சொல்லி எடுத்தார்கள்.

"உங்கள் ஊரில் பாஸ் வாங்க முடியைப் பிடித்துக்கொண்டு சிரிக்க வேண்டுமா?" என்று அபேனா அங்கிருந்தே கேட்டாள்.

எனக்கும் அப்போதுதான் உறைத்தது. முதலாளியிடம் கேட்டேன்.

"கேட்லாக்குக்குத்தான் மேடம். மாடலையும் நீங்களே கூட்டிட்டு வந்துட்டீங்க, எங்களுக்கு ரொம்ப வசதி."

"அவங்கதான் கடைக்காரம்மா. அவங்கதான் அபேனா. நான் கூட வந்தவ."

அவர் என்னைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். மாதக்கணக்கில் அவளோடு எழுதிக்கொண்டிருந்த மனிதர். கடைக்குச் சொந்தக்காரர் என்றால் அந்த நிறத்தில் இருக்க மாட்டார் என்று முடிவு செய்துவிட்டு உட்கார்ந்திருந்திருக்கிறார். "ஓ! வெரி குட், வெரி குட்" என்று ஐந்தாறு முறை சொன்னார். பிறகு என்னிடம், "நீங்க எந்த ஏரியா?"

"எம்.கே.பி. நகர்."

"வியாசர்பாடியா?"

"ஆமா."

முதல் காபி பீங்கான் கோப்பையில் வந்தது. அடுத்த காபி இரண்டு பேருக்கும் காகிதக் கப்பில் வந்தது. ஏரியாவைக் கேட்டுச் சாதியைக் கண்டுபிடிக்கிற கணக்கை எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

முடி பிரிக்கும் கூடம் பெரியது. நூறு பெண்களாவது இருப்பார்கள். ஆணி அடித்த பலகையில் முடியை இழுத்து இழுத்துச் சீவி, நீளவாரியாகப் பிரிக்கிறார்கள். எங்களுக்குச் சரக்கு காட்டியவர்களில் ஒருவரைச் செல்வி என்று வைத்துக்கொள்ளுங்கள். உண்மைப் பெயர் வேறு, உண்மை ஊரும் வேறு. இங்கே நெட்டுக்குப்பம் என்று எழுதுகிறேன்.

"இன்னா கண்ணு, கண்ணால பாத்து ஏமாறாத" என்று என்னிடம் சொல்லி, அபேனாவின் கையைப் பிடித்து ஒரு முடியை வைத்தார். "ரெண்டு வெரலுக்கு நடுவுல வெச்சி முன்னும் பின்னும் தேய்க்கச் சொல்லு."

அபேனா தேய்த்தாள். முடி தானாக ஒரு பக்கமாக ஊர்ந்து போனது. திருப்பி வைத்துத் தேய்த்தாலும் அதே முனையைப் பார்த்துத்தான் போனது.

"அதுதா வேர் பக்கம். கோயில்ல மொட்ட போட்ட முடின்னா கத்தையில எல்லாம் ஒரே பக்கமா ஏறும். வூட்ல சீப்புல சிக்கி வர முடிய பாத்திரத்துக்கு மாத்திக்கினு போறானுங்களே, அதுல வேரு நுனியெல்லாம் கலந்துகினு கீதும். அதனாலதா பின்னிக்கும். அதுக்கு ஆசிட்ட ஊத்தி மேல்தோல உரிச்சிட்டு, பளபளன்னு ஏதோ பூசி அனுப்புவாங்க. அது எந்தப் பக்கமும் ஏறாது. செத்த முடி."

 இத்தனை வருடம் தன் வாடிக்கையாளர்கள் திட்டியது எதற்கு என்று அபேனாவுக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. அதன்பின் மூன்று மணி நேரம் உட்கார்ந்து ஒவ்வொரு கற்றையிலும் முடி உருவித் தேய்த்துப் பார்த்துத் தேர்ந்தெடுத்தாள். எடுத்த கற்றைகளில் வாங்குகிறவர் தன் நூலைக் கட்டிவிட்டுப் போவது அங்கே வழக்கம். செல்வி நீல நூல் கொடுத்தார். எல்லாக் கற்றைக்கும் அபேனாவே முடிச்சுப் போட்டாள்.

பெட்டி கட்ட ஒரு நாள் ஆகும், பணத்தைப் பெட்டியை எடுக்கும்போது கொடுத்தால் போதும் என்றார்கள். மறுநாள் ஞாயிறு. செல்வி வீட்டுக்குச் சாப்பிடக் கூப்பிட்டிருந்தார்.

நெட்டுக்குப்பத்தில் அவர் வீட்டுக்காரர் வலையை ஓரமாகத் தள்ளிவிட்டு எங்களுக்கு இடம் போட்டார். கேழ்வரகுக் களி, கருவாட்டுக் குழம்பு, வறுத்த மீன். கானாவில் புளிக்கவைத்த மக்காச்சோள உருண்டையை இப்படித்தான் மீனோடு பிட்டுத் தின்பார்கள் என்று அபேனா கையாலேயே உருட்டிக் காட்டினாள்.

"மீன் நீங்கள் பிடித்ததா?" என்று கேட்டாள்.

அவர் சிரித்தார். "காசிமேட்டுல வாங்கினது. ஆத்துல இன்னா கீது? நிலக்கரி எரிக்கிற கரன்ட் கம்பெனி சாம்பலுதா கீது. நா வலையப் போட்டா சேறு வருது. அதனாலதா இவ முடிக்குப் போறா, நா வூட்ல குந்திகினு கீறேன்."

"குந்திகினாவது ஒய்ங்கா கொழம்பு வெக்கிறியா? உப்பே இல்ல" என்றார் செல்வி.

கிளம்பும்போது செல்வி என்னை மட்டும் ஓரமாகக் கூப்பிட்டார். "சொல்லலாமா வாணாமான்னு தெர்ல கண்ணு. குடோன்ல தனியா ஒரு அடுக்கு கீது. ஆப்பிரிக்கா மாலுன்னு சொல்லுவாங்க. கறுப்பு ஆளுங்க யார் வாங்கினாலும், எந்த நாடுன்னாலும், அதுலேர்ந்துதா போவும். பெட்டிய தொறந்து பாக்காம எடுத்துகினு பூடாதீங்க."

நான்காம் நாள் பெட்டி தயாராக ஒட்டி வைத்திருந்தது. மேலே அபேனாவின் கடைப் பெயர். அவள் அதைத் தடவிப் பார்த்தாள், போனில் படம் எடுத்தாள். செல்வி சொன்னதை நான் இன்னும் அவளிடம் சொல்லியிருக்கவில்லை.

"பிரிங்க" என்றேன்.

"சீல் பண்ணிட்டோம் மேடம்."

"பிரிங்க."

பிரித்தார்கள். எல்லாக் கற்றையிலும் நீல நூல் இருந்தது. முடி கண்ணாடி மாதிரி மின்னியது. அபேனா ஒன்றை உருவி விரலிடுக்கில் வைத்துத் தேய்த்தாள். நகரவில்லை. அடுத்த கற்றை. நகரவில்லை. பெட்டியின் அடிவரை போனாள். ஒன்றுகூட நகரவில்லை. நூலை அவிழ்த்து வேறு முடியில் கட்டியிருந்தார்கள். அவள் போட்டது இரட்டை முடிச்சு, இதில் ஒற்றை முடிச்சு. அந்த அளவுக்குக்கூடக் கவனம் எடுத்துக்கொள்ளவில்லை.

முதலாளி வந்தார். அபேனாவிடம் அதுவரை ஆங்கிலம் பேசியவர், இப்போது என்னிடம் தமிழில் பேசினார். "நீங்க நம்ம ஆளு, புரிஞ்சுக்குவீங்க. அவங்க மார்க்கெட்டுக்கு எப்பவும் இந்த மால்தான் போகுது. அவங்க கம்ப்ளெயின்ட் பண்ண மாட்டாங்க."

அப்படியே அபேனாவிடம் சொன்னேன். அவள் கேட்டாள்: "அவங்க என்றால் யார் என்று கேள்."

கேட்டேன்.  அவர் வேறு பாட்டு ஆரம்பித்தார். அவள் எடுத்த தரம் வேண்டுமானால் நேரடியாகக் கொடுக்க முடியாதாம், அவள் நாட்டுக்கு அவர்களுக்கு ஏஜென்ட் இருக்கிறாராம், அவர் வழியாகத்தான் வாங்க வேண்டுமாம். யார் அந்த ஏஜென்ட் என்று கேட்டோம். ஒரு விசிட்டிங் கார்டை எடுத்து நீட்டினார். அபேனாவுக்குச் சரக்கு கிடையாது என்று சொன்ன அதே மொத்த வியாபாரி.

அபேனா சிரித்துவிட்டாள். நான் கத்தினேன். என்ன கத்தினேன் என்பது அச்சில் வராது. "நேரடியாத் தரோம்னு எழுத்துல குடுத்தீங்களா இல்லையா? அத நம்பித்தானே வந்தோம்?" என்றும் கேட்டேன்.

"பாலிசி மாறிடுச்சு மேடம்."

"முந்தாநாள் முடிய எடுக்கவிட்டீங்களே, அதுக்கப்புறமா மாறுச்சு?"

காவலாளியைக் கூப்பிட்டார். அவர் பாவம், என் வயதுக்காரர், "வாம்மா, வாணாம்மா, நம்மளுக்கு எதுக்கு" என்று என் கையைத் தொடாமலேயே வாசல்வரை கூட்டிவந்தார். கூடத்தில் ஆணிப் பலகைகளின் சத்தம் நின்றிருந்தது. காட்டிக்கொடுத்துவிடக் கூடாது என்று செல்வியின் பக்கம் நான் திரும்பவே இல்லை.

சாயங்காலம் கடற்கரை ரயில் நிலையத்துக்கு எதிரே நின்று அத்தோ என்கிற பர்மா நூடுல்ஸ் சாப்பிட்டோம். அபேனா ஒரு தட்டை முடித்து இன்னொன்று கேட்டாள். அழுவாள் என்று நினைத்தேன். "இதில் பூண்டு ரொம்ப நன்றாக இருக்கிறது" என்றாள், அவ்வளவுதான். எனக்குத்தான் கோபம் ஆறவில்லை. கோயிலில் மொட்டை போட்டது நம் வீட்டுப் பெண்கள். ஆணியில் கை கிழியப் பிரிப்பது நம் வீட்டுப் பெண்கள். தலையில் வைத்துக்கொள்வது அபேனாவின் பெண்கள். நடுவே நிற்கிற ஆட்கள் மட்டும் இரண்டு பக்கத்தையும் சேர்ந்தவர்கள் இல்லை. அந்த ஆட்கள் எங்கள் இரண்டு பக்கத்தையும் நேராகப் பார்த்துக்கொள்ள விடுவதில்லை.

ஐந்தாம் நாள் வேறு கம்பெனிகளுக்குப் போன் செய்தேன். இருவர் எடுக்கவில்லை. ஒருவர் பேசினார், எந்த நாட்டு வாடிக்கையாளர் என்று கேட்டார், சொன்னேன், திரும்பக் கூப்பிடுவதாகச் சொன்னார். கூப்பிடவில்லை. அன்றைக்கே விமானம். அபேனாவின் பெட்டியில் முடிக்கு ஒதுக்கிய இடத்தில் மலர் அக்கா மிளகாய்த்தூளும் கருவாடும் திணித்துவிட்டாள்.

பர்மிங்ஹாமில் இறங்கிப் போனைத் திறந்தால், அந்தக் கம்பெனியின் இணையப் பக்கத்தில் அபேனாவின் படம். கையில் முடியோடு சிரிக்கிறாள். மேலே, "கறுப்பினப் பெண் தொழில்முனைவோரைக் கொண்டாடுகிறோம், கைகொடுக்கிறோம்" என்று ஆங்கிலத்தில் எழுதியிருக்கிறது. கீழே இதயமும் கைதட்டலுமாகக் குவிந்து கிடக்கிறது. அவள் பெயர் இல்லை. கடையின் பெயர் இல்லை. அனுமதியும் கேட்கவில்லை.

இவள் கடைக்கு நீங்கள் முடி விற்கவில்லையே என்று கீழே எழுதினேன். ஒரு மணி நேரத்தில் அழித்துவிட்டார்கள். அபேனா எழுதினாள். அந்தப் பக்கத்துக்கே அவள் வர முடியாதபடி அவளை பிளாக் செய்துவிட்டார்கள். அவளுடைய படத்தை இப்போது அவளாலேயே பார்க்க முடியாது.

அவள் கடையில் முடி விற்பனை நின்றுவிட்டது. வருகிறவர்களிடம் நடந்ததை ஒளிக்காமல் சொல்கிறாள், அவரவர் சொந்த முடியைப் பின்னிவிடுகிறாள். பாதிப் பேர் போய்விட்டார்கள். பாதிப் பேர் இருக்கிறார்கள். எத்தனை மாதம் தாங்குவாள் என்று தெரியாது.

முதலாளி, உங்களிடம்தான் கேட்கிறேன். எனக்குப் போன் செய்து சமாதானம் பேசாதீர்கள், கூடத்தில் வேலை செய்கிற பெண்களைக் கூப்பிட்டு யார் என்ன சொன்னார்கள் என்று விசாரிக்காதீர்கள். நூல் மாறியதைக் கண்டுபிடிக்க அபேனாவின் விரலே போதும். கொண்டாடுகிறோம் என்று எல்லாரும் பார்க்கத்தானே எழுதினீர்கள்? இதற்கும் எல்லாரும் பார்க்கவே, அந்தப் படத்துக்குக் கீழேயே பதில் எழுதுங்கள். அபேனா தேர்ந்தெடுத்த முடியை, அபேனாவின் கடைக்கு, நேரடியாக விற்பீர்களா, மாட்டீர்களா?